ராசியான பேர்

போன வாரம் ஒரு கிளையண்ட் என்னை விட்டுப் போனார். சிவகாசிக்காரர். பட்டாசுக் கம்பெனி அண்ணாச்சி. போகும்போது, "நீங்க எனக்கு வக்கீலா, இல்ல வருமானவரி ஆபீஸ் ஆளா?" என்று கத்திவிட்டுப் போனார்.

கத்தட்டும்.

கம்பெனி வாங்குவது, விற்பது, அதற்கு வரி கட்டுவது — விருதுநகரில் உட்கார்ந்து இந்த ஒரே வேலையைத்தான் இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். கத்தலுக்குப் பயந்தால் இந்தப் பக்கம் வக்கீல் தொழில் பண்ண முடியுமா?

விஷயம் இதுதான். வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கிற ஒரு கம்பெனியை அண்ணாச்சி விற்கிறார். பாதிப் பணம் பேங்க்கில். மீதி, கணக்கில் வராமல் கையில். கையெழுத்து மட்டும் அவர் மனைவி பாக்கியம் போட வேண்டும். ஏனென்றால் கம்பெனி அந்த அம்மாள் பெயரில். இங்கே பல வீடுகளில் அப்படித்தான். ஏன் என்று கேட்டதற்கு, "ராசியான பேரு மேடம்" என்றார் அண்ணாச்சி.

"பேப்பர வீட்டுக்குக் குடுத்து விடுங்க மேடம். மசாலா அரைச்சுக்கிட்டே போட்டுருவா."

"முடியாது. அவங்க இங்க வரணும். நான் சொல்றதக் கேக்கணும்."

வேண்டாவெறுப்பாக அழைத்து வந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. "பாதிப் பணத்த மறைக்கிறாரும்மா. மாட்டினா வரி, அபராதம், கேஸ்... எல்லாம் உங்க பேர்லதான். போடாதீங்க."

பாக்கியம் பேனாவைக் கீழே வைத்தார். "என் பேர்லயா? சரஸ்வதி பூஜைக்கு மட்டுந்தான் என்னய அங்கன கூட்டிட்டே போவாக!"

"ஒண்ணும் ஆகாது, போடு" என்றார் அண்ணாச்சி.

"ஒண்ணும் ஆகாதுன்னா ஒங்க பேர்லயே வச்சிருக்க வேண்டியதுதான?"

ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அண்ணாச்சிக்கு வியர்த்தது. பைல்களை அள்ளிக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் அந்தக் கத்தல்.

வரியைக் குறைக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மண்டையை உடைத்துத் தேடித் தருவேன். ஆனால் லாபத்துக்கு ஒரு ஆள், ஜெயிலுக்கு ஒரு ஆள் என்று பிரித்துத் தர மாட்டேன். என் பிழைப்பு போனாலும் மாட்டேன்.

நேற்று பாக்கியம் போன் பண்ணினார்.

"மேடம், கம்பெனி எம் பேர்லதான இருக்கு?"

"ஆமா."

"அப்ப வக்கீல் யாருன்னு நாந்தான சொல்லணும்?"

"நீங்கதான்."

"பைலத் தூக்கிட்டு வாரேன். அம்புட்டுப் பணமும் பேங்குலயே வரட்டும். இல்லன்னா விக்கவே வேணாம். இவுக இங்கனதான் நிக்காக... மொகம் செவந்து போயி."

அண்ணாச்சி சொன்னது சரிதான். ராசியான பேர்தான்!