நகலில் அளந்த தூரம்

எனக்குத் தொழிற்பேட்டையில் ஒரு பட்டப்பெயர் இருந்தது: விருதுநகர் மிளகாய். நான் அந்தப் பக்கத்துப் பெண். கோபம் மூக்கு நுனியில். டிப்ளமோ முடித்து ஓசூருக்கு வந்து, இயந்திரப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் டிராயிங் செக்‌ஷனில் உட்கார்ந்த நாளிலிருந்து நான் போட்ட சண்டையெல்லாம் ஒரே விஷயத்துக்குத்தான். பிரிண்ட்டை ஸ்கேல் வைத்து அளக்காதே. ஒவ்வொரு வரைபடத்தின் அடியிலும் ஆங்கிலத்தில் அச்சடித்தே இருக்கும். காகிதம் சுருங்கும், இழுக்கும், நகல் எடுக்கும்போது பெரிதாகும். எழுதியிருக்கும் அளவை எடு. அளவு தெரியவில்லையா, மாடி ஏறி வந்து என்னைக் கேள். தமிழ்க்காரர், தெலுங்குக்காரர், கன்னடக்காரர் என்று எல்லாரும் ஒற்றுமையாகத் தலையை ஆட்டுவார்கள். நான் திரும்பியதும் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுப்பார்கள்.

பெயின்டர் அண்ணன் எங்களுக்கு கான்ட்ராக்டில் வருகிறவர். ஷாப் தரையில் ஆட்கள் நடக்க மஞ்சள் கோடு போட்டிருக்கும். கோட்டுக்குள் நடந்தால் ஃபோர்க்லிஃப்ட் மோதாது என்பது சட்டம். மூன்று நான்கு மாதத்தில் கோடு தேய்ந்துவிடும். அவர் தூரிகையும் நூலுமாக வந்து உட்காருவார். இலங்கையில் வன்னியில் பிறந்து, தொண்ணூறில் மனைவியோடு படகேறி வந்தவர். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு அணைக்கரையில் இருந்த அகதிகள் முகாமில் குடியிருந்தார். ஆள் கணக்கெடுக்கும் நாளில் மட்டும் வேலைக்கு வரமாட்டார். அவருடைய ஒரே தங்கை வன்னியிலேயே கல்யாணம் முடித்து அங்கேயே தங்கிவிட்டாள்.

அவர் என்னிடம் முதலில் கேட்டது என்னுடைய எழுத்து ஸ்டென்சிலை. இரண்டாயிரத்து இரண்டில், நார்வேக்காரர்கள் நடுவில் நின்று சண்டையை நிறுத்தி வைத்திருந்த சமயம். முகாமில் பாதிப் பேர் ஊருக்குத் திரும்பும் பேச்சாகவே இருந்தார்கள். இவர் ஒரு தகரப் பெட்டி வாங்கி, பச்சைப் பெயின்ட் அடித்து, அதன் மூடியில் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்றார். ஸ்டென்சிலை இரவல் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவரைப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, கேன்டீன் மேஜையில் வைத்து நானே எழுதிக் கொடுத்தேன். எழுத்துக்கு எழுத்து இடைவெளி பார்த்து எழுதினேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். அதிலிருந்து நான் அவருக்குப் ‘பிள்ளை’.

பேச்சுவார்த்தை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போனது. கைகுலுக்கும் படம் பேப்பரில் வரும்; அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். இந்தச் சுற்றிலாவது முடியுமா அண்ணே என்று நான் சீண்டுவேன். முடியும் பிள்ளை, பெரிய பெரிய ஆட்களெல்லாம் உட்காருகிறார்களே என்பார். ஓசூரில் இருக்கிறவர்களுக்கு எல்லை என்றால் கர்நாடகம் தொடங்கும் அத்திப்பள்ளி. காவிரித் தண்ணீர்ப் பிரச்சினை வந்தால் இரண்டு பக்கத்துப் பஸ்ஸும் நின்றுவிடும். நாங்கள் இறங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துபோய் அந்தப் பக்கம் ஆட்டோ பிடிப்போம். இரண்டு மூன்று நாளில் பஸ் ஓடும். எல்லைச் சண்டை என்றால் அவ்வளவுதான் என்று என் மண்டையில் இருந்தது. அவருடைய பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. கடைசியில் அதில் ரேஷன் அரிசியைக் கொட்டி வைத்தார்கள்.

சண்டை மறுபடி பிடித்துக்கொண்ட பிறகு, இங்கிலீஷ் பேப்பரைப் படித்துச் சொல்வது என் வேலையானது. சாப்பாட்டு இடைவேளையில் வருவார். வெளிநாட்டு மந்திரிகள் வந்து போனதையும், தூதர்கள் அறிக்கை விட்டதையும் படிப்பேன். பொதுமக்களைக் காக்க வேண்டும் என்று ஒரு நாடு வலியுறுத்தும், ஒரு நாடு கவலைப்படும், ஒரு நாடு ஆழ்ந்த கவலைப்படும். அதை அவர் ரேடியோவில் மழையளவு கேட்கிற மாதிரிக் கேட்பார்.

“இண்டைக்கு என்ன பிள்ளை, கவலையோ, ஆழ்ந்த கவலையோ?”

சிரித்துக்கொண்டேதான் கேட்பார். வலியுறுத்துகிறவனெல்லாம் ஒருநாள் வந்து அங்கே பதுங்குகுழியில் இருந்து பார்க்கட்டுமே என்று கத்துவேன். கேன்டீனே திரும்பிப் பார்க்கும். அவர் மட்டும் நிதானமாக டிபன் பாக்ஸைக் கழுவுவார்.

இரண்டாயிரத்து ஒன்பது தொடக்கம். மாமரங்கள் பூத்திருந்தன, காலையில் பனி விலக எட்டரை மணி ஆனது. சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட சனங்களுக்காக ஒரு பாதுகாப்பு வலயம் அறிவித்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அதற்குள் போனவர்கள்மேல் குண்டு விழாது என்றார்கள். மறுநாள் அவர் ஒரு ஷேட் கார்டோடு வந்தார். பெயின்ட் நிறங்களைக் காட்டும் அட்டை அது. அதன் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தார். லண்டனில் இருக்கும் அவருடைய சித்தப்பா மகன் போனில் சொன்னது. எல்லாருக்கும் தெரிந்த ஒரு சந்தியிலிருந்து, அந்த வலயத்தின் நான்கு மூலையும் எந்தத் திசையில் எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு. தங்கையும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அந்தச் சந்தியிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். புருஷன் முன்பே இறந்துவிட்டான். மகனுக்குப் பதினொன்று, மகளுக்கு ஏழு. எப்போதாவது ஒரு போன் லண்டனுக்குக் கிடைக்கும். லண்டன்காரர் சொன்னால் அவளுக்குச் சேரும். அவள் கேட்டது ஒன்றுதான். பள்ளிக்கூடத்திலேயே இருக்கட்டுமா, கிளம்பட்டுமா?

“நீங்கள் கோடு போடுற ஆள்தானே பிள்ளை. அவள் உள்ளுக்கையோ வெளியிலையோ எண்டு ஒருக்கா பார்த்துச் சொல்லுங்கோ.”

கையில் ஒரு வரைபடமும் வைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் எடுத்தது. ஊர்ப் பெயர்கள் கொட்டை எழுத்தில் இருந்தன, அடியில் ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் என்று எழுதியிருந்தது. நான் சாப்பிடக்கூட இல்லை. அந்தக் கடுதாசியை டேபிளில் ஒட்டி, செட்ஸ்கொயரை எடுத்து, சந்தியிலிருந்து நான்கு மூலையையும் வைத்துக் கோடு இழுத்தேன். மெல்லிய கோடு, சுத்தமான கட்டம். பள்ளிக்கூடம் கட்டத்துக்குள் கச்சிதமாக விழுந்தது. உள்ளேதான் அண்ணே, அங்கேயே இருக்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. லண்டனுக்குப் போன் போட ஓடினார். நான் பெருமையாக டீ குடித்தேன்.

மூன்றாவது நாள் காலை, வேப்பனப்பள்ளியிலிருந்து வருகிற மில்லிங் ஆப்பரேட்டர் ஒருவர் ஒரு பீஸைத் தப்பாக வெட்டிக்கொண்டு வந்து நின்றார். பிரிண்ட்டில் அளவு எண்ணெய் பட்டு அழிந்துபோயிருந்ததாம், அதனால் ஸ்கேல் வைத்து அளந்தாராம். சும்மா விடுவேனா? பிடித்துக்கொண்டேன். எத்தனை தடவை சொல்வது, நகல் எடுக்கும்போது பெரிதாகும், சிறிதாகும், எழுதியிருப்பது ஒன்று கடுதாசியில் இருப்பது ஒன்று என்று ஷாப் முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டினேன். திட்டும்போதே பாதியில் வாய் நின்றுவிட்டது. பெயின்டர் அண்ணன் கொண்டுவந்த வரைபடத்தின் எழுத்துகள் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெயின்டர் அண்ணன் அன்று லோடிங் பக்கம் கோடு போட்டுக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன். ஆமாம் பிள்ளை, எனக்குக் கண் மங்கல், ஊர்ப் பேர் தெரியவில்லை, ஜெராக்ஸ் கடையில் இரண்டு மடங்கு பெரிசாக்கித் தரச் சொன்னேன் என்றார். படம் இரண்டு மடங்கு ஆகியிருந்தது. அடியில் எழுதியிருந்த இரண்டு கிலோமீட்டர் அப்படியே இருந்தது. நான் அதை நம்பி அளந்திருந்தேன். என் கட்டம் முழுக்கச் சந்தியிலிருந்து இருக்க வேண்டியதில் பாதி தூரத்திலேயே உட்கார்ந்திருந்தது. அவளுடைய பள்ளிக்கூடம் உள்ளே இல்லை. வலயத்தின் விளிம்பு அங்கிருந்து இன்னும் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் நான். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவர் தூரிகையை டின்னில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சரி பிள்ளை, இப்போது சரியாகப் போட்டுத் தாருங்கள் என்றார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

மறுபடி போட்டேன். இந்த முறை மூன்று தடவை சரிபார்த்தேன். எந்தப் பக்கம் நடக்க வேண்டும், எந்தக் குளத்தைத் தாண்டினால் உள்ளே என்பதைத் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். லண்டன்காரருக்கு இரண்டு நாள் லைன் கிடைக்கவில்லை. அந்த இரண்டு நாளும் நான் சாமியறையில் விளக்கேற்றி, அந்தச் செய்தி எப்படியாவது அவளுக்குச் சேரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். சேர்ந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்று தகவல் வந்தபோது, கேன்டீனில் எல்லாருக்கும் என் செலவில் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். அந்த ஆப்பரேட்டருக்கு இரண்டு துண்டு.

அதன் பிறகு தகவலே இல்லை. சண்டை முடிந்தது என்றார்கள். மாங்காய் சீசன் வந்து போனது, கிருஷ்ணகிரி ரோட்டில் மாங்கூழ் ஆலைக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டி நின்றன. பேப்பரைப் படிக்கச் சொல்லி அவர் வருவது நின்றுவிட்டது. நானும் கூப்பிடவில்லை. கோடு போட வருவார், போட்டுவிட்டுப் போவார்.

மழைக்காலத்தில் ஒருநாள் மதியம் வந்தார். தங்கை உயிரோடு இருக்கிறாள், மகளும் இருக்கிறாள். அங்கே முள்வேலி போட்ட முகாம் ஒன்றில். முந்தின நாள் போனில் பேசினாளாம். மகன் இல்லை. வலயத்துக்குள் போய் எட்டாவது நாள், கஞ்சி வாங்க வரிசையில் நின்றபோது குண்டு விழுந்தது. பள்ளிக்கூடத்தில் நின்றுவிட்ட பக்கத்து வீட்டுச் சனங்கள் அடுத்த வாரமே வேறு வழியாக வெளியேறிவிட்டார்கள். அவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள். இதையும் அவரே சொன்னார். மறைக்கத் தெரியாத மனுஷன்.

நான் தப்பாகப் போட்ட கட்டத்தில் விட்டிருந்தால் அந்தப் பிள்ளை இருந்திருப்பான் என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. இன்றைக்கும் அதுதான் வருகிறது.

அவர் அதற்காக வரவில்லை. மடித்து மடித்துக் கிழிந்துபோன அந்த வரைபடத்தை எடுத்து என் மேஜையில் விரித்தார். நான் இரண்டாவதாகப் போட்ட கோடு அதில் இருந்தது. கஞ்சி வரிசை நின்ற இடத்தைத் தங்கை அடையாளம் சொல்லியிருந்தாள். குளக்கட்டிலிருந்து எத்தனை தூரம், கோயிலுக்கு எந்தப் பக்கம் என்பதெல்லாம் ஷேட் கார்டின் பின்னால் இருந்தது.

“தங்கச்சி கேக்கிறாள் பிள்ளை, தான் கோட்டுக்கு உள்ளுக்கைதானே நிண்டது எண்டு. வழி பிழைச்சு மகனை வெளியிலை கொண்டுபோய் நிப்பாட்டிப்போட்டனோ எண்டு இரவிரவா நித்திரை இல்லையாம். ஒருக்கா அளந்து சொல்லுங்கோ.”

ஸ்கேலை எடுத்தேன். கிழிந்த மடிப்பு விலகாமல் இருக்க, எதிர் நாற்காலியில் வேலை செய்கிறவளைப் படத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். குளக்கட்டிலிருந்து அளந்தேன், கோயிலிலிருந்து அளந்தேன், சந்தியிலிருந்து அளந்தேன். இரண்டு மடங்கைக் கணக்கில் எடுத்து அளந்தேன். எந்த வழியில் அளந்தாலும் புள்ளி அங்கேயே விழுந்தது. நான்கு பக்கக் கோட்டுக்கும் நடுவில், விளிம்பிலிருந்து வெகு தூரம் உள்ளே.

உள்ளேதான் அண்ணே, நன்றாக உள்ளே என்றேன்.

அவர் அங்கேயே நின்று செல்போனை எடுத்தார். அந்த முகாமில் யாரோ ஒருவருடைய போனுக்கு அடித்து, அவளைக் கூப்பிடச் சொல்லிக் காத்திருந்தார். கீழே மெஷின் சத்தம். அவள் வந்ததும் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

“அளந்து பார்த்தாச்சு. நீ உள்ளுக்கைதான் நிண்டிருக்கிறாய். உன்னிலை ஒரு பிழையும் இல்லை.”

அந்தப் பக்கம் அவள் அழுவது மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கும் கேட்டது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல், அவள் அழுது முடிக்கும்வரை நின்றார்.