அப்பா பார்க்கப்போன அலை

ஒரு நாள் முழுக்கத் தமிழ் பேசாமல் இருப்பது எத்தனை கஷ்டம் என்பது எனக்கு ஒன்பதாவது வயதில் தெரிந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலமே அம்மா என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள்.

“நாளைக்கு வீட்டைவிட்டு இறங்குனதுலேர்ந்து திரும்பி வர்ற வரைக்கும் பர்மாப் பேச்சுதான். அப்பாகிட்டயும் அப்படித்தான். ஒரு வார்த்தை தமிழ் வாயில வரக்கூடாது.”

ஏன் என்று கேட்டேன். வண்டியில் வருகிறவர்கள் எல்லாரும் பர்மாக்காரர்கள், அவர்களுக்குப் புரியாத பேச்சை அவர்கள் முன்னால் பேசினால் மரியாதையாக இருக்காது என்றாள். அம்மா அப்படியொன்றும் மரியாதை பார்க்கிறவள் இல்லை. பக்கத்து வீட்டுக் கோழி எங்கள் முருங்கையடியைக் கிளறினால், கோழியையும் அதன் சொந்தக்காரியையும் சேர்த்து, நாங்கள் இருந்த தாகேதாப் பேட்டை முழுக்கக் கேட்கும்படி தமிழில்தான் வைவாள். இருந்தாலும் கடல் பார்க்கப்போகிற சந்தோஷத்தில் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ரங்கூனில் பிறந்து வளர்ந்து கடலைப் பார்க்காமலே இருப்பவர்கள் ஏராளம். ஆறு இருக்கிறது, கப்பல் வருகிறது, கடல் மட்டும் தெற்கே அரைநாள் பயணத் தூரத்தில் இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் ஆள் சேர்த்து, லாரி பிடித்து, பகோடா என்கிற பழைய புத்தர் கோபுரங்களைப் பார்க்கக் கூட்டிப்போவார். தெருவே அவரை ‘ஊலே’ என்று கூப்பிடும். பர்மாப் பேச்சில் மாமா என்று அர்த்தம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் டாலா, துவான்டே, வழியில் உள்ள பகோடாக்கள், கடைசியில் லெக்கோக்கோன் கடற்கரை என்று ஊலே முடிவுசெய்தார். அப்பா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார்.

அப்பாவுக்கு அந்தக் கடற்கரையில் ஒரு வேலை இருந்தது. லான்மடாவில் ஒரு போட்டோக் கடைக்கு அவர் பின்திரை வரைகிறவர். கல்யாணம் ஆனவர்கள், பட்டம் வாங்கியவர்கள் எல்லாரும் அப்பாவுடைய கடலுக்கு முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொள்வார்கள். நீல வானம், இரண்டு தென்னைமரம், மூன்று வரிசை அலை. ஒரு தடவை கப்பலில் வேலை பார்க்கும் ஒருவர் படம் எடுக்க வந்து, திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். இது அலையா, முட்டைக்கோசு அடுக்கின மாதிரி இருக்கிறதே என்றாராம். கடை முதலாளி அதைக் கண்டுகொள்ளவில்லை. அப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. சாப்பிடும்போது பாதியில் கை நின்றுவிடும். குளிக்கப்போனால் தொட்டித் தண்ணீரைக் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பார். “ஒரு மணி நேரம் கரையில உக்காந்து பாத்தாப் போதும், புடிச்சிருவேன்” என்று அம்மாவிடம் அவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

எனக்குத் தெரியாமல் இருந்தது வேறு விஷயம். அப்பா ரங்கூனில் பிறந்தவர், அவருடைய அப்பாவும் இங்கேதான் பிறந்தார். ஆனால் அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது வெளிநாட்டுக்காரர் என்று பதிந்து கொடுத்த அட்டை. அந்த அட்டைக்காரர் ஊரைவிட்டு வெளியே போவதென்றால் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். வாங்குவதற்குள் பத்துப் பேரைப் பார்க்கவேண்டும், போகும் காரணத்தை எழுதவேண்டும். ‘அலை பார்க்க’ என்று எழுதவா முடியும்? அம்மாவிடம் இருந்தது இந்தத் தடை இல்லாத வேறு அட்டை, என்னைப் போன்ற பிள்ளைகளை யாரும் கேட்பதில்லை. பகோடா பார்க்கப்போகும் லாரிகளைச் சாவடியில் அவ்வளவாகச் சோதிக்கமாட்டார்கள், முகத்தில் பர்மாக்காரர்கள் அரைத்துப் பூசுகிற தனாக்காவும் கையில் பூவுமாக உட்கார்ந்திருந்தால் ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று ஊலே சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அப்பா ஏறினார்.

விடிகாலையில் அம்மா என் நெற்றிப்பொட்டை அழித்துவிட்டு இரண்டு கன்னத்திலும் தனாக்காவை அப்பினாள். அப்பா கட்டம் போட்ட லுங்கியும் ஓலைத்தொப்பியுமாக, எனக்கே புது ஆளாகத் தெரிந்தார். படகில் ஆற்றைக் கடந்து டாலாவில் லாரி ஏறினோம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பேன், அம்மா இழுத்து உட்காரவைப்பாள், மறுபடி எழுந்திருப்பேன். துவான்டேயில் ஒரு பெரிய பகோடா, அதைச் சுற்றிச் சின்னச் சின்னதாக இடிந்தவை, மரம் முளைத்துப் பிளந்த செங்கல் சுவர்கள். ஊலே ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று அதன் வயசைச் சொன்னார். ஆயிரம் வருஷம், அதற்கும் மேலே என்று ஏறிக்கொண்டே போனது. கடல் அதைவிடப் பழசுதானே, அதை முதலில் பார்த்துவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. பழைய செங்கல்லைப் பார்க்க இவ்வளவு தூரம் வரவேண்டுமா, எங்கள் வீட்டுச் சுவரே அப்படித்தானே இருக்கிறது?

சாதாரண நாளில் அப்பா ஒரு பழைய சுவரைப் பார்த்தால் நகரமாட்டார். சுண்ணாம்பை நகத்தால் சுரண்டி, அடியில் என்ன வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்று பார்ப்பார். அன்றைக்கு அவர் எதையும் தொடவில்லை. எல்லாருக்கும் முன்னால் போய் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் பர்மாப் பேச்சில் ஏதாவது கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வந்தது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பேச்சுதான் எனக்கும் சரளம், ஆனால் அப்பாவிடம் அதில் பேசினால் வேறு யார் வீட்டு அப்பாவிடமோ பேசுகிற மாதிரி இருந்தது. காலையிலிருந்து அவரிடம் சொல்ல நினைத்ததெல்லாம் சொல்லாமலே தொண்டையில் நின்றது.

குன்ஜாங்கோன் ஊர் தாண்டியதும் ரோட்டுக்குக் குறுக்கே மூங்கில் போட்டிருந்தார்கள். லாரி நின்றது. அப்பா தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டு தூங்க ஆரம்பித்தார். இவ்வளவு சீக்கிரம் தூக்கம் வருகிறதே என்று நினைத்தேன். சாவடிக்காரர் இளவயசுக்காரர். பின்படியில் ஒரு காலை வைத்து உள்ளே பார்த்தார், எத்தனை பேர் என்று ஊலேயிடம் கேட்டார், எந்த எந்தப் பகோடா பார்த்தீர்கள் என்றுகூட விசாரித்தார். ஒரு பாட்டியம்மா அவருக்கு வாழைப்பழம் கொடுத்தார். சிரித்துக்கொண்டே இறங்கி, மூங்கிலைத் தூக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

லாரி உறுமிக் கிளம்பப்போன அந்த நேரத்தில், தார்ப்பாய் இடைவெளியில் எனக்குத் தண்ணீர் தெரிந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர், வெயிலில் மினுங்கிக்கொண்டு.

“அப்பா, எந்திரிங்கப்பா. கடல் வந்துருச்சு.”

தொண்டையில் நின்றதெல்லாம் சேர்ந்து வந்ததால் சத்தம் பெரிதாகத்தான் இருந்தது. அது கடல் இல்லை, தண்ணீர் வடியாத வயல். அம்மாவின் விரல்கள் என் தொடையைப் பிடித்தன, கிள்ளவில்லை, பிடித்தபடியே இருந்தன. சாவடிக்காரர் திரும்பி வந்து என்னைப் பார்த்தார், பிறகு தொப்பிக்காரரைப் பார்த்தார். அட்டையை மரியாதையாகத்தான் கேட்டார். அப்பா தொப்பியை எடுத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்த அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார்.

சாவடிக்காரர் ஊலேயைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினார். திரும்பி வந்த ஊலே, அப்பாவை மட்டும் இங்கே இறக்கிவிடவேண்டும், எதிரே இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்திருக்கட்டும், வரும்போது ஏற்றிக்கொண்டு நேரே ஊருக்குப் போய்விட்டால் சாவடிக்காரர் எதையும் எழுதிவைக்க மாட்டாராம் என்றார். அம்மாவும் இறங்க எழுந்தாள். வேண்டுமானால் எல்லாருமே திரும்பிவிடலாம் என்று ஊலே சொன்னார். அப்பா இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. இறங்கிப் பின்படிக்குப் பக்கத்தில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார். அன்று முதல்தடவையாகத் தமிழில் பேசினார்.

“அப்பாவுக்கு வயித்து வலிம்மா. நான் இந்தக் கடையில உக்காந்திருக்கேன். நீ போய் அலைய நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லணும், என்ன? எப்படித் தூக்குது, எப்படி மடங்குது, மடங்குறப்ப உள்பக்கம் என்ன கலரு. கண்ண எடுக்காமப் பாரு.”

சரி என்றேன். உண்மையைச் சொன்னால், லாரி எப்போது கிளம்பும் என்பதுதான் எனக்குக் கவலை.

கடல் வற்றிக் கிடந்தது. கரையிலிருந்து வெகுதூரம் சேறு, அதற்கப்பால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. ஆனால் சேறு முழுக்க நண்டு. விரல்நகம் அளவில் சிவப்பு நண்டுகள், ஒரு கை மட்டும் உடம்பைவிடப் பெரிதாக. கிட்டே போனால் அத்தனையும் ஒரே நேரத்தில் வளைக்குள் போய்விடும். அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாக எட்டிப்பார்க்கும். நான் இரண்டு மணி நேரம் நண்டு துரத்தினேன். நடுவில் தண்ணீர் ஏறி வந்திருக்கவேண்டும், ஏனென்றால் ஒரு தடவை பாவாடை முழங்கால் வரைக்கும் நனைந்தது. அம்மா கடலைத் திரும்பியே பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் லாரி சாவடிக்கு வந்தபோது, டீக்கடை முக்காலியிலிருந்து அப்பா எழுந்து ரோட்டுக்கே வந்துவிட்டார். ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். லாரி நகரும்வரைக்கும் பொறுத்திருந்தார்.

“பாத்தியா?”

“பாத்தேன்ப்பா.”

“அலை எப்படி இருந்துச்சு?”

“ஒரே சேறுப்பா. சேத்துக்குள்ள நண்டு. ஒரு கை மட்டும் இவ்வளவு பெருசு.”

“மடங்குறப்ப உள்பக்கம் பாத்தியா? பச்சையா, நீலமா?”

“தெரியலப்பா. நான் நண்டு புடிச்சிக்கிட்டு இருந்தேன்.”

அப்பா என் பாவாடையில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டார். பிறகு, நண்டு நேராக ஓடுமா பக்கவாட்டில் ஓடுமா என்று கேட்டார். நான் காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த தமிழையெல்லாம் சேர்த்துக் கொட்டினேன். விரல்களை மடக்கி அது ஓடுகிற மாதிரி அவர் தொடையில் ஓட்டிக் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். துவான்டே வந்தபோதுதான் அவருக்கு உடம்பு சரியில்லாதது எனக்கு ஞாபகம் வந்தது.

“வயித்து வலி போயிருச்சாப்பா?”

“போயிருச்சும்மா.”

எனக்கு உடம்பு முடியாமல் நான் வெளியே ஓடினால் அம்மா என்னைக் கண்டிப்பாளே, அதே குரலை வரவழைத்துக்கொண்டேன்.

“உடம்பு சரியில்லன்னா வீட்டுலயே இருக்கணும்ப்பா. எதுக்கு வண்டியில ஏறுனீங்க?”

அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கிவிட்டாள். அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடு. அவ சொல்றது சரிதான்” என்றார்.

அப்பாவே சரி என்று சொன்ன பிறகு, சரியாகச் சொன்ன பிள்ளையை அடிக்க வந்தாளே என்று எனக்கு அழுகையாக வந்தது. தாகேதா வந்து சேரும்வரை நான் அம்மாவோடு பேசவில்லை.