பூண்டுக்காரர் வேகமாக ஓட்டியவர் அல்ல

மலைக்கிராமமான கவுஞ்சிக்கு மேலே மண்பாதை செங்குத்தாக ஏறத் தொடங்கும் இடத்தில் பூண்டுக்காரர் தன் டர்ட் பைக்கை நிறுத்திவிடுவார். "எறங்கி நடங்க டீச்சர். மேட்டுல ரெண்டு பேரு ஆகாது" என்பார். பூண்டு போடும் விவசாயி அவர். தோட்டத்துக்குப் போகிற வழியில் மேலே இருந்த பள்ளிக்கூடத்தில் என்னை இறக்கிவிடுவார். நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடப்பேன். பிள்ளைகள் வேலியோரம் நின்று சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் கீழேயே முதல் கியருக்கு மாற்றி, நெஞ்சை முன்னால் கவிழ்த்து, ஒரே சீராக முறுக்கி ஏறுவார். வழுக்கி நின்றால் மல்லுக்கட்ட மாட்டார். வண்டியை மேட்டுப் பக்கமாகச் சாய்த்துப் போட்டுவிட்டு விலகிக்கொள்வார். "வண்டி விழுந்தாத் தூக்கிக்கிரலாம், ஆளு விழுந்தா?" என்பார். ஊரே அவரை நத்தை என்று கேலி செய்தது.

அதிகாரி பள்ளியைப் பார்வையிட வரும் நாள். மழை விட்டிருந்தது. புதுப்புடவையோடு இறங்க மாட்டேன் என்றேன். அவர் தயங்கினார். "என்னங்க, பயமா?" என்று சீண்டினேன். எத்தனை கேவலமான கேள்வி! பாதி ஏற்றத்தில் என் பாரத்தால் முன்சக்கரம் தூக்கியது, எஞ்சின் நின்றது, வண்டி பின்னால் சரிந்தது. தனியாக இருந்திருந்தால் சாய்த்துப் போட்டிருப்பார். நான் இருந்ததால் காலை ஊன்றித் தாங்கினார். எலும்பு முறிந்தது, தலை பாறையில் மோதி நினைவு தப்பியது. எனக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

ஓடிவந்தவர்களிடம், "வேகமாப் போனாரு, சொன்னாக் கேக்கல" என்றேன். அவர் மனைவியிடமும் அதையே சொன்னேன். நத்தை என்று சிரித்த ஊர் அதை அப்படியே நம்பியது. டீச்சர் பொய் சொல்வாளா? மாற்றல் வாங்கிக்கொண்டு பழனிக்கு இறங்கிவிட்டேன்.

போன மாதம் பழனி பேருந்து நிலையத்தில் காலை இழுத்து இழுத்து நடந்து வந்த பூண்டுக்காரர் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். வீட்டில் யாரும் வண்டிச் சாவியை அவர் கையில் கொடுப்பதில்லையாம். உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அன்னைக்கு நடந்தது எனக்கு ஒண்ணும் நெனப்பு இல்லைங்க டீச்சர். ஒங்கள வச்சுக்கிட்டு வேகமாப் போயிருக்கேன், புத்தி கெட்டவன். மன்னிச்சுக்கங்க."

"பரவாயில்லைங்க" என்றேன்.