ஏழு குழுக்களுக்குச் சொன்ன ஏழு தேதிகள்

வெள்ளிக்கிழமை காலை மணி ஒன்பது இருபது. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் நான் தினமும் உட்காரும் பிரவுசிங் சென்டரில் மின்னஞ்சலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பட்டியல். நான் வெவ்வேறு குழுக்களுக்கு எழுதிய ஏழு கடிதங்களிலிருந்து ஏழு வரிகளை வெட்டி ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கடைசித் தேதி. ஏழும் வேறு வேறு. அடியில் ஒரே கேள்வி: "இதில் எது நிஜம்?"

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. கணினியை முழுக்கத் தமிழில் இயக்க ஏழு சிறு குழுக்கள் வேலை செய்துகொண்டிருந்தன. ஒரு குழு எழுத்துரு செய்தது. ஒன்று இணைய உலாவியைத் தமிழாக்கியது. ஒன்று கடிதம், கட்டுரை அடிக்கும் எழுதுசெயலியை. எல்லாம் கட்டற்ற மென்பொருள். யாருக்கும் சம்பளம் கிடையாது, யாருக்கும் யாரும் மேலதிகாரி கிடையாது. ஏழையும் ஒரே சிடியில், ஒரே நாளில் வெளியிடுவது என்று முடிவானபோது ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஒரு தமிழ் நாளிதழில் பல வருடம் பக்கம் முடித்துக் கொடுத்த உதவி ஆசிரியன் என்பதுதான் என் தகுதி. ஒரே ஒரு விதி போட்டிருந்தேன். அவரவர் பகுதிக்கு அவரவர் 'சரி' என்று மடற்குழுவில், அதாவது குழுவினர் எல்லாருக்கும் போகும் மின்னஞ்சலில், எழுத வேண்டும். எழுதாதது சிடியில் ஏறாது.

சிடிக்காகக் காத்திருந்தது நீலசந்திராவில் ஒரு தமிழ்வழிப் பள்ளி. ஓர் அறக்கட்டளை கொடுத்த பன்னிரண்டு கணினிகள் அங்கே துணி போர்த்திக் கிடந்தன. பிள்ளைகளுக்கு ஆங்கில மெனு புரியவில்லை. திங்கட்கிழமை அறக்கட்டளைக்காரர்கள் வந்து ஒரு பிள்ளையை உட்காரவைத்து, தமிழில் ஒரு கடிதம் அடிக்கச் சொல்வார்கள். அடித்தால் கணினிகள் இருக்கும். இல்லையென்றால் வேறு பள்ளிக்குப் போகும். அவர்களிடம் மன்றாடி இந்தக் கடைசி வாய்ப்பை வாங்கியவர் ஐந்தாம் வகுப்பு டீச்சர். சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குச் சிடி அவர் கையில் இருந்தால்தான் எல்லாக் கணினியிலும் ஏற்றிப் பார்க்க நேரம் இருக்கும்.

அந்த ஒரு மணியை நான் எந்தக் குழுவுக்கும் சொல்லவில்லை. நாளிதழில் அப்படித்தான் பழக்கம். எட்டு மணிக்குப் பக்கம் போகவேண்டுமென்றால், தாமதிக்கிற நிருபரிடம் ஏழு என்போம். அவரைவிட மோசமானவரிடம் ஆறு என்போம். யாரும் ஒப்பிட்டுப் பார்க்கமாட்டார்கள். பார்த்தாலும் சிரித்துவிட்டுப் போவார்கள். இந்தக் குழுக்களின் கடிதங்களோ எல்லாரும் படிக்கும்படி இணையத்தில் அப்படியே கிடந்தன. அதை நான் யோசிக்கவேயில்லை.

பட்டியல் போட்டவர் எழுத்துருக்காரர். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் எஞ்சினியர். எழுத்துருவைச் சோதனைக்கு அனுப்பிவிட்டார், 'சரி' மட்டும் பாக்கி. எழுத்துரு இல்லாவிட்டால் மற்ற ஆறும் திரையில் வெறும் கட்டங்களாகத்தான் தெரியும். பஸ் ஏறிப் போனேன். ஓசூர் சாலையில் லாரிகள் நகரவில்லை. கம்பெனி வாசலை அடைந்தபோது மணி ஒன்றே கால்.

"ஒளகடே பிடல்ல சார்," உள்ளே விடமாட்டேன் என்று காவலாளி கன்னடத்தில் சொல்லிக் கையால் தடுத்தார். போன் செய்யச் சொன்னேன். கழுத்தில் அடையாள அட்டையோடு ஓர் இளைஞர் வெளியே வந்தார். அதுவரை நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

"எனக்கு எந்தத் தேதி குடுத்தீங்க, ஞாபகம் இருக்கா சார்?"

"போன ஞாயிறு."

"ஞாயித்துக்கிழமை வேலூர்ல எங்க அக்காவுக்கு நிச்சயதார்த்தம். நான் போகல. பிஜி ரூம்ல உக்காந்து உங்களுக்குக் கொம்பும் காலும் சரி பண்ணிட்டிருந்தேன். எங்கம்மா இன்னும் போன்ல பேசல."

"முன்னாடி சொன்னாத்தான் வேலை நடக்கும்னு நெனச்சேன். பேப்பர்ல ரிப்போர்ட்டர்கிட்ட அப்படித்தான் சொல்வோம்."

"உங்க ரிப்போர்ட்டர் சம்பளம் வாங்கறான், கூடவே பொய்யும் வாங்கிப்பான். நான் ஏன் சார் வாங்கணும்?"

என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன்.

"எல்லா லிஸ்ட்லயும் எழுதுங்க. யாருக்கு எந்தத் தேதி சொன்னீங்க, நிஜத் தேதி எது, ரெண்டும். பத்து நிமிஷத்துல என் 'சரி' வரும்."

"ஒரு நாள்தான் இருக்கு. இப்பப் போய்ச் சொன்னா..."

"அப்ப சொல்லாதீங்க. ஸ்கிரீன் பூரா கட்டம் கட்டமா வரும். உங்க ஸ்கூல் பசங்க அதுல பாண்டி ஆடட்டும்."

நாலு மணிக்குத் திரும்பி வந்து எழுதினேன். ஏழு தேதிகளையும் போட்டேன். நிஜமானது சனிக்கிழமை ஒரு மணி என்று எழுதினேன். இனி யாரையும் ஏமாற்றியோ, அவர் 'சரி' இல்லாமலோ எதையும் சிடியில் ஏற்றமாட்டேன் என்றும் எழுதினேன். எழுத்துருக்காரரின் 'சரி' எட்டாவது நிமிடம் வந்தது.

ஐந்தே முக்காலுக்கு எழுதுசெயலிக்காரரின் கடிதம் வந்தது. அவர் கோயம்புத்தூரில் கல்லூரி விரிவுரையாளர். செவ்வாய்க்கிழமையே 'சரி' சொல்லிக் கோப்பும் கொடுத்திருந்தார். "நாளை ஒரு மணி வரை நேரம் இருப்பது இப்போதுதான் தெரிகிறது. அவசரத்தில் கொடுத்ததில் எனக்குத் திருப்தி இல்லை. என் 'சரி'யைத் திரும்பப் பெறுகிறேன். திருத்தித் தருகிறேன்." திருத்த வேண்டாம், கொடுத்ததே போதும் என்று உடனே எழுதினேன். பதில் இல்லை.

சனிக்கிழமை பதினொன்றரைக்குப் புதிய கோப்பு வந்தது. அது திறக்க மறுத்தது. அவருக்கு எழுதினேன். "இன்னும் கொஞ்சம்" என்று ஒரு வரி வந்தது. அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். காலையிலேயே கல்லூரிக்குப் போய்விட்டார் என்றார்கள். கல்லூரி எண் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு டீச்சர் வந்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆச்சா சார்?"

"ஆறு ஆச்சு. எழுதற புரோகிராம்தான் வரல."

"அது இல்லாம மீதி ஆறுக்கு நான் என்ன கற்பூரமா காட்டறது?" பிறகு திரையைப் பார்த்தார். "செவ்வாக்கிழமை குடுத்தாருன்னீங்களே, அது எங்க?"

"இருக்கு. அவர் வேணாம்னு திருப்பி வாங்கிட்டார்."

"எங்க வாங்கினார்? இதோ உங்க கம்ப்யூட்டர்லதானே இருக்கு. அதைப் போடுங்க. எங்க புள்ளைங்களுக்கு அது போதும்."

போதும் என்பது எனக்கும் தெரியும். திங்கட்கிழமை முழுக்க அதில் ஒரு பிழைகூட யார் கண்ணிலும் பட்டிருக்காது. சட்டமும் தடுக்கவில்லை. கட்டற்றது என்றால் யாரும் எடுத்துக்கொள்ளலாம். தடுத்தது நான் முந்தின நாள் நாலு மணிக்கு எழுதிய வரி. சுட்டியை அந்தக் கோப்பின்மேல் வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். மணி பன்னிரண்டு ஐம்பது.

"என்னால முடியல டீச்சர்," என்றேன்.

"உங்களுக்கு யோக்கியம் வந்த நேரத்தைப் பாருங்க சார்," என்றார். குரலை உயர்த்தவில்லை. "திங்கக்கிழமை லெட்டர் அடிக்கப்போற பொண்ணு ஒரு மாசமா பேப்பர்ல கட்டம் போட்டு கீபோர்டு பழகிட்டிருக்கா. அவகிட்ட நீங்க வந்து சொல்றீங்களா?"

ஒரு மணிக்கு ஆறு மென்பொருள்கள் உள்ள சிடியைக் கொடுத்தேன். கைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை அந்தச் சிறுமி உலாவியைத் திறந்தாள், மெனுக்களைத் தமிழில் சத்தமாகப் படித்துக் காட்டினாள். கடிதம் அடிக்கச் சொன்னார்கள். அடிக்க அதில் எதுவும் இல்லை. புதன்கிழமை காலை பன்னிரண்டு கணினிகளையும் டெம்போவில் ஏற்றி ஜெயநகரில் ஓர் ஆங்கிலவழிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள்.

வியாழக்கிழமை பத்தே காலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து கோப்பு வந்தது. திறந்து பார்த்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை.