சோற்றுக்குக் குனிந்தால் சிவப்பு

கொழும்பில் குனிந்து சோறு தின்றால் என் இடுப்பு நடுங்கும். நோய் வருத்தம் ஒன்றுமில்லை. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து எழும்பும் மாடிக் கட்டடத்தில் கூட்டித் துடைக்கிறேன். அங்கே எங்கள் எல்லோருக்கும் ஒரு பெல்ட் கட்டிவிட்டிருக்கிறார்கள். அளவுக்கு மிஞ்சிக் குனிந்தால் அது விர்ரென்று அதிரும், ஒபிஸ் திரையில் எங்கள் பெயர் சிவக்கும். எனக்கு எழுத வராது, சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். முதல் நாள் அது அதிர்ந்தபோது நான் சிரித்த சிரிப்பில் சீமெந்துத் தூள் மூக்குக்குள் போய்விட்டது. "அக்கா, ஒங்கட இடுப்பு ரிங் பண்ணுது, எடுத்துக் கதைங்க," என்றாள் என்னோடு கூட்டுகிற கொம்பனித்தெரு பரீதா. முதுகைக் காக்கத்தான் பெல்ட் என்றார்கள். எனக்குப் பெரிய சந்தோஷம். வவுனியாவில் மிளகாய்த் தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து நின்ற முதுகை எவன் கேட்டான்?

மாசியில் ஒரு நாள் சேஃப்டி பார்க்கும் ஐயா, நாங்கள் மஹத்தயா என்போம், கூப்பிட்டார். சிங்களப் பொடியன், தமிழை உடைத்து உடைத்துக் கதைப்பார்.

"அம்மா, முதுகு சரியில்ல. சிவப்பு நிறைய வருது. வேலை போதும், பேரப்பிள்ளைகளோட இருங்க."

"எந்த நேரம் சிவப்பு?"

"பகல் சாப்பாட்டு நேரம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தரையில் சப்பாணி கட்டி இருந்து, பார்சலை முன்னால் விரித்து, வாய்க்கு வாய் குனிந்துதானே தின்கிறோம். பெல்ட்டைக் கழற்றவும் விடமாட்டார்கள். கழற்றினால் வேலைக்கு வரவில்லை என்றாகிவிடும்.

"சோறு தின்னிறதையும் கணக்கெடுத்தோ என்னை நிப்பாட்டுறியள்? இருந்து தின்ன ஒரு வாங்குப் பலகை போடுங்கோ தம்பி."

"வாங்கு நான் கேக்க ஏலாது அம்மா. கம்பனி பெல்ட் மட்டும்தான் தந்தது. நின்டுகொண்டு சாப்பிடுங்க, அப்ப பச்சை."

தோட்டத்தில் எங்களைப் பிழிந்தெடுத்த முதலாளியின் பெண்சாதிகூட, சோற்று நேரம் சாக்கை விரித்து "இருங்கோ" என்றுதான் சொல்லுவாள். நிற்கவைத்துச் சோறு போடுவது நாய்க்கும் செய்யாத அவமரியாதை. ஆனால் வேலை போனால் வாடகைக்கு இருக்கும் கொட்டாஞ்சேனை அறையையும் விடவேண்டும். நின்றேன். தூணோரம் பார்சலை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, பரீதாவும் நானும், பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் போல. என் பெயர் பச்சையாகிவிட்டதாம். மஹத்தயா பெருவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

சித்திரைக்கு ஊருக்குப் போனேன். தங்கச்சி பாய் விரித்து, கோப்பையில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டுத் தந்தாள். எல்லோரும் பாயில் இருந்தார்கள். நான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் நின்று தின்னத் தொடங்கிவிட்டேன்.

"ஏனக்கா இருக்காமல் நிக்கிறாய்? எங்களோட கோவமோ?"

"உங்களோட இல்லையடி," என்றேன். இருக்கத்தான் நினைத்தேன். முழங்கால் மடங்கவில்லை.