மகளுக்குக் கம்பஸ் பார்த்த கதை

எங்கள் தொழிலில் புதிய ஊருக்குப் போனால் முதல்நாள் அடிபடவேண்டும். நெல் வெட்டும் மெசின் வைத்திருக்கிற எவனுக்கும் இது தெரியும். எங்கே கதிர் முதலில் முற்றுகிறதோ அங்கே மெசினை லொறியில் ஏற்றிக்கொண்டு போவோம். அந்த ஊர் மெசின்காரர் வரம்பில் நிற்பார்கள். வார்த்தை தடிக்கும். ஒருவன் சட்டையைப் பிடிப்பான், மற்றவன் மூக்கை உடைப்பான். பிறகு யாராவது வந்து பிரித்துவிட, அடித்தவனும் வாங்கியவனும் ஒரே கடையில் இருந்து கொத்துரொட்டி தின்பார்கள். வந்தவன் தன் பெயரையும் ஊரையும் சொல்வான். அதற்குப் பிறகு அந்த ஊரில் அவனை ஒருவனும் தொடமாட்டான். அடுத்த போகத்துக்கு அவர்களே போன் எடுத்துக் கூப்பிடுவார்கள். நான் இப்படித்தான் மாகாணம் மாகாணமாக இடம் பிடித்தவன். என் கன்னத்துத் தையல் கிழக்கில் வாங்கியது. கோணிப்போன சுண்டுவிரல் மலையடிவாரத்தில். கொடுத்தது இதைவிடக் கூட.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வறுமையால் நின்றேன் என்று யாரும் இரக்கப்படவேண்டாம். வாத்தியார் பிரம்பால் என் முழங்காலில் அடித்தார். பிரம்பைப் பறித்து முறித்து அவர் காலடியில் போட்டுவிட்டு வந்தேன், பிறகு போகவில்லை. சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து ஒரு சாரமும் ஒரு வாளியுமாக என் ஊர் கனகராயன்குளத்துக்குத் திரும்பினேன். இன்றைக்கு வீட்டு வாசலில் மூன்று மெசின் நிற்கிறது, லொறி நிற்கிறது. எங்கள் ஒழுங்கையில் மேல்மாடி கட்டிய முதல் ஆள் நான்தான். அப்படிப்பட்டவனின் கடைசி மகள் உயர்தரப் பரீட்சையில் கலைப்பிரிவில் மூன்று பாடத்துக்கும் ஏ எடுத்தாள்.

கம்பஸ், அதுதான் பல்கலைக்கழகம், என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். எது முதலாவது, எது இரண்டாவது என்று நாங்களே வரிசைப்படுத்தி விண்ணப்பிக்கவேண்டுமாம். மனிசியின் தம்பி வவுனியாவில் அரசாங்க உத்தியோகம். அவன் கதிரையில் சாய்ந்துகொண்டு போனில் படங்களைத் தள்ளித் தள்ளித் தரம் பிரித்தான்.

"அத்தான், பொம்பிளைப்பிள்ளையைக் கிட்டவாப் போடுங்கோ. தூரத்தில விட்டா பகிடிவதை எண்டு பெரிய வகுப்புக்காரர் சாகடிச்சுப்போடுவாங்கள்."

"நீ போனில பார். நான் நேரில பாக்கிறன்" என்றேன்.

மகள் தனக்குப் புவியியல்தான் வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் போகம் முழுக்க மெசின் ஓடிய இடமெல்லாம் நான் கம்பஸ் பார்த்தேன். வடக்கில் உள்ளது எங்களுக்கு வாய்ப்பு. பஸ்ஸில் ஏறினால் சாப்பாட்டுப் பார்சல் சூடு ஆறுமுன் இறங்கலாம். எங்கள் கதை, எங்கள் கோயில், சைக்கிளில் போகிற பெட்டைகள், பெரிய நூலகம். ஆனால் வீட்டை விட்டுப் போன மாதிரியே இராது. கிழக்கில் வெளி பரந்த இடம். கடற்காற்று வகுப்புக்குள்ளேயே வரும். வயற்காரரின் பிள்ளைகள் நிறைய. நெல் விலை என்ன என்று என்னிடமே கேட்டார்கள். கூத்து, நாட்டியம் என்று எங்கேயோ ஒரு மத்தளம் அடித்துக்கொண்டே இருக்கும். மலைநாட்டில் உள்ளதைப் பார்த்தபோது நானே வாயைப் பிளந்தேன். நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள், குளிர், மூன்று பாஷையும் கலந்த சத்தம். அங்கே போகிற பிள்ளை இங்கிலீசோடு மல்லுக்கட்டித்தான் தீரவேண்டும்.

கட்டிடத்தைப் பார்த்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை. வெளியே சாப்பாட்டுக் கடையில் லொறி ட்றைவரோடு இருந்தேன். பிள்ளைகளிடமே கேட்டேன், வாத்தியார் ஒழுங்காக வாறவரோ, விடுதியில் தண்ணீர் வருகுதோ, பெரிய வகுப்புக்காரர் சின்ன வகுப்பை அடிக்கிறார்களோ என்று. கடைசிக் கேள்வியைக் கேட்டதும் காசைக் கொடுத்துவிட்டு எழும்பிப் போனார்கள்.

இனிச் சொல்லப்போவது இந்த மூன்றில் எந்த இடத்தில் நடந்தது என்று எழுதமாட்டேன். மகள் இன்னும் அங்கே படிக்கிறாள்.

கடை வாசலில் சல்லிக்கல்லின் மேல் ஒரு பெடியனை முழங்காலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். முதல் வருடக்காரன். தேத்தண்ணிக்குள் மிளகாய்த்தூளைக் கொட்டிக் குடிக்கச் சொன்னார்கள். அவன் துப்ப, காதைப் பொத்தி ஓர் அறை விழுந்தது. நான் எழும்பினேன்.

"தம்பி, அவனை விடு."

"பெரியவர், இது எங்கட வீட்டு விசயம். நீங்கள் போய் நெல்லை வெட்டுங்கோ" என்றான் தலைவன் போலிருந்தவன். லொறியைப் பார்த்திருக்கிறான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

பிடரியில் பிடித்து அவன் முகத்தை மேசையில் மோதினேன். கிளாஸ் நொறுங்கியது. ஒருவன் இருந்த வாங்குப் பலகையைத் தூக்கி என் ட்றைவரின் வாயில் குத்த, அவனுக்கு முன்பல் போனது. வாங்கால் குத்தியவனின் கையை நான் மடக்கி முதுகுக்குப் பின்னால் திருப்பினேன், ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. கடைக்காரன் கொதிதண்ணி அகப்பையோடு வந்த பிறகுதான் எல்லாரும் விலகினோம். முழங்காலில் நின்றவன் எப்போதோ ஓடிவிட்டான்.

தொழில் முறைப்படி நான் எல்லாருக்கும் கொத்துரொட்டி சொன்னேன். "வாங்கோடா, இருந்து சாப்பிடுங்கோ. வாற முறை என்ர மகள் இஞ்ச வருவாள்" என்று அவளுடைய பெயரையும் எங்கள் ஊரையும் சொன்னேன். ஒருவனும் இருக்கவில்லை. தலைவன் வாய் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு ஒரே சொல்தான் சொன்னான்.

"வரட்டும்."

சம்மதம் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் வரம்பில் என்றால் அது சம்மதம்தான்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். "அந்த இடத்தை முதலாவதாப் போடு. அங்க உன்னை ஒருத்தன் தொடமாட்டான்."

அவள் என்னையே பார்த்தாள். "அப்பா, என்ர பேரைச் சொன்னனீங்களோ?"

"ஓம். பேரும் சொன்னனான், ஊரும் சொன்னனான்."

"ஐயோ, அப்பா" என்று குசினிக்குள் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். "நான் ஏற்கெனவே அதைத்தான் முதலாவதாப் போட இருந்தனான். புவியியலுக்கு அங்கதான் நல்ல ஆக்கள் படிப்பிக்கினம். இனியும் அதைத்தான் போடுவன்."

போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை. விடுதியில் அவளோடு இருக்கும் பிள்ளை ஒரு பின்னேரம் போன் எடுத்தாள். சாப்பாட்டுக்கூடத்தில் மகளின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு, மெசின்காரனின் மகள் எழும்பி நில் என்றிருக்கிறார்கள். இவள் எழும்பவில்லை. கதிரையால் எறிந்திருக்கிறார்கள். புருவம் பிளந்து தையல்.

லொறியில் மெசின் ஏற்றும் இடத்தில் ட்றைவர்மாரை ஏற்றினேன். பல் போனவன் எல்லாருக்கும் முதல் ஏறினான். ஆளுக்கொரு இரும்புக் கம்பி. கம்பஸ் வாசலில் லொறியைக் குறுக்கே விட்டோம். உள்ளே ஒரு கூட்டம் திரண்டது, அந்தத் தலைவனும் நின்றான். காவலாளி கதவைச் சாத்த ஓடினான்.

சின்னக் கதவால் மகள் வெளியே வந்தாள். கண் வீங்கி மூடியிருந்தது. நேரே வந்து என் கையிலிருந்த இரும்பைப் பிடித்தாள்.

"இதை லொறிக்குள்ள போடுங்கோ."

"கண்ணாடியில உன்ர முகத்தைப் பாத்தனியோ? இவங்களை இண்டைக்கு நான் சாகடிச்சுப்போட்டுத்தான் போவன்."

"நீங்கள் அடிச்சா அவங்கள் ஆசுப்பத்திரியால திரும்பி வந்து படிப்பாங்கள். என்னைத்தான் கம்பஸை விட்டு நிப்பாட்டுவினம். அதுக்கோ லொறி பிடிச்சு வந்தனீங்கள்?"

"அப்ப சும்மா போகச் சொல்லுறியோ?"

"நான் சும்மா விடேல்லை. எறிஞ்சவன்ர பேரை நிர்வாகத்திட்ட எழுதிக் குடுத்திட்டன். அவனோட சேந்து சிரிச்சவளுக்குச் சாப்பாட்டுக் கோப்பையால ஒரு அடி குடுத்தும்போட்டன்."

பல் போனவன் சிரித்துவிட்டான். அவன் பிடரியில் ஒன்று போட்டேன்.

"அண்ணை, என்னை ஏன்?"

"ஏறடா லொறியில."

உள்ளே நின்ற தலைவனின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், நாலு எட்டுத் தூரம்தான். மகள் இரும்பை விடவில்லை. கடைசியில் நான்தான் விட்டேன். அவள் அதை லொறிக்குள் எறிந்தாள், தகரம் அதிர்ந்தது.

"இனி நான் கூப்பிடாமல் வராதேங்கோ" என்றாள். "கூப்பிடமாட்டன்."

திரும்பிச் சின்னக் கதவால் நுழைந்தாள். கூட்டம் வழிவிடாமல் நின்றது. அவள் நடையை மாற்றவில்லை. தலைவனின் நெஞ்சில் தோளால் இடித்தாள். அவன் ஓர் அடி பின்வாங்கினான். அந்த இடைவெளியால் வகுப்புப் பக்கம் போனாள்.