எட்டாவது குழி

முப்பதாயிரத்துச் சொச்சம். பதினேழு வருடத்தில் அவர் தன் கையால் தோட்டா இறக்கிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை அது. ஒன்றுகூட வெடித்ததில்லை. ஒவ்வொன்றையும் இறக்கி முடித்ததும் "மறுபடி" என்று முணுமுணுத்துவிட்டு இன்னொரு முறை உள்ளே பார்ப்பார். அதனால் அவர் பெயரே மறுபடி ஆகிவிட்டது. வருகைப் பதிவேட்டில்கூட யாரோ பென்சிலால் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள். அவர் அழிக்கவில்லை.

கிடங்குகளுக்கும் ஆலைகளுக்கும் ஆயுதக் காவலர்களை அனுப்பும் நிறுவனம் அது. காலை ஏழு மணிக்கு இரவுக் காவலர்கள் திரும்பி வந்து, கம்பி போட்ட ஜன்னல் வழியாகத் துப்பாக்கியை நீட்டுவார்கள். உள்ளே ஒரு மேஜை, இடுப்புயர மணல் டிரம், எட்டுக் குழி வெட்டிய மரத்தட்டு, சுவரில் ஒரு தொலைபேசி. ஒரு காவலருக்கு எட்டுத் தோட்டா. திரும்பி வரும்போது எட்டுக் குழியும் நிறைய வேண்டும்.

முறை எளிமையானது. துப்பாக்கியின் வாய் மணலைப் பார்க்கட்டும். முதலில் கைப்பிடிக்குள் இருக்கும் தோட்டாப் பெட்டியை, அதாவது மேகசினை, உருவ வேண்டும். அதன் பிறகுதான் மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். குழலின் அடியில் தயாராக உட்கார்ந்திருக்கும் தோட்டா துள்ளி வெளியே விழும். ஸ்லைடைத் திறந்தபடியே நிறுத்தி, கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவ வேண்டும். அவ்வளவுதான். பல் தேய்ப்பதுபோல அவருக்கு அது கைவந்த வேலை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, எண்ணெய்க் கிடங்கிலிருந்து திரும்பிய நெட்டையன் துப்பாக்கியை நீட்டியபோது சுவர்த் தொலைபேசி அலறியது. மறுபடி அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார். மனைவி.

"பீரோ சாவிய எங்க வச்சீங்க? வீட்டையே தலைகீழாப் புரட்டிட்டேன்."

"அலமாரி மேல பாரு."

"பார்த்துட்டேன்."

"தலையணைக்கு அடியில?"

"நான் என்ன கண்ண மூடிக்கிட்டா தேடுறேன்?"

பேச்சு அதுபாட்டுக்கு, கை அதுபாட்டுக்கு. தொலைபேசியை மாட்டிவிட்டுத் திரும்பினார். துப்பாக்கி மேஜைமேல் இருந்தது, மேகசின் பக்கத்தில் காலியாகக் கிடந்தது. மரத்தட்டில் ஏழு தோட்டாக்கள். எட்டாவது குழி காலி.

"மறுபடி" என்றார். எண்ணினார். ஏழு.

அடுத்த கால் மணி நேரத்தில் அந்த அறை சந்தைக்கடையானது. மேற்பார்வையாளர் ஓடி வந்தார். அவர் மறுபடியின் மனைவிக்குத் தம்பி. வீட்டில் "டேய்", இங்கே "சார்". அதில் இருவருக்கும் அடிக்கடி நாக்குப் பிறழும்.

"தோட்டா குறைஞ்சா என்ன ஆகும்னு தெரியும்ல? பத்து மணிக்குள்ள கிடைக்கலன்னா போலீஸ்ல புகார் கொடுத்தாகணும். இவன் அங்க போய் உட்காரணும்."

நெட்டையனின் முகம் வெளுத்தது. "சார், நான் ராத்திரி பூரா துப்பாக்கிய உறையில இருந்து எடுக்கவே இல்ல. என் பொண்ணு மேல சத்தியமா சார்."

"ஷூவ கழட்டு."

கழற்றினான். பையைக் கவிழ்த்தான். ஒரு சீப்பும் பாதி மென்ற பேனாவும் விழுந்தன. பெருக்கும் அக்கா துடைப்பத்தோடு வந்து, மேஜைக்கு அடியில் குச்சியை விட்டுத் துழாவினாள். பிறகு ஈரத்துணியால் மேஜையைத் துடைத்தாள். துப்பாக்கி குறுக்கே கிடந்ததால் இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கி மறுபக்கம் வைத்தாள். காலித் துப்பாக்கிதானே என்று யாரும் தடுக்கவில்லை.

மறுபடி நடு அறையில் மரம்போல நின்றார். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஜன்னலில் வாங்கியது நினைவிருக்கிறது. மணல் டிரம் பக்கம் திரும்பியது நினைவிருக்கிறது. தலையணை என்று சொன்னதும் நினைவிருக்கிறது. அதற்கும் ஏழுக்கும் நடுவே வெறும் புகை. மேகசினைத்தான் முதலில் உருவினாரா? உருவியிருப்பார். எப்போதும் அதைத்தானே செய்கிறார்? ஆனால் எப்போதும் செய்கிற வேலையில் இன்றைக்குச் செய்ததை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது?

"அத்தான்... சாரி... நீங்க சரியா எண்ணினீங்களா?" என்று கேட்டார் மேற்பார்வையாளர், மேஜைக்கு அடியில் மண்டி போட்டபடி.

"ஏழுதான்."

"அப்ப ஒன்ன இவன்தான் முழுங்கியிருக்கணும்."

"முழுங்குனா தொண்டையில நிக்காதா சார்?" என்றான் நெட்டையன். கிண்டலுக்குச் சொன்னது அல்ல. அழுகிற குரல்.

தொலைபேசி மறுபடியும் அலறியது. மனைவியேதான்.

"கிடைச்சிருச்சு. எங்க இருந்துச்சுன்னு கேளுங்க. பீரோ பூட்டுலயே தொங்குது! வீடெல்லாம் தேடுனேன், பூட்டப் பார்க்கல."

அவர் ரிசீவரைத் தொங்க விட்டார். பார்வை மேஜைக்குப் போனது. துப்பாக்கி குறுக்கே கிடந்தது. அதன் வாய் மணலைப் பார்க்கவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து எழ முயன்றுகொண்டிருந்த மைத்துனனின் பிடரியைப் பார்த்தது.

"யாரும் அசையாதீங்க" என்றார். கத்தவில்லை. கத்தினால் யாராவது மேஜையை இடித்துவிடுவார்கள்.

"என்னாச்சு அத்தான்?"

"டேய், தலைய கீழயே வச்சிரு. அப்படியே."

தொங்கிய தொலைபேசியில் மனைவி "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தாள். அவர் விசையில் விரல் படாமல் துப்பாக்கியை எடுத்து, வாயை மணலுக்குத் திருப்பி, ஸ்லைடை இழுத்தார். பளபளவென்று ஒரு தோட்டா துள்ளி மேஜைமேல் விழுந்து, உருண்டு, மரத்தட்டில் முட்டி நின்றது.

எட்டு.

அவர் ரிசீவரை எடுத்து மாட்டினார்.

பேச்சு மும்முரத்தில் கை வரிசையை மாற்றியிருக்கிறது. மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்திருக்கிறார். ஒன்று வெளியே விழுந்தது. கீழே காத்திருந்த அடுத்தது அந்த இடத்தில் ஏறிக்கொண்டது. பிறகு மேகசினை உருவி, மிச்சம் ஆறையும் தட்டில் அடுக்கியிருக்கிறார். உள்ளே பார்க்கவில்லை. சுண்டுவிரலும் போகவில்லை. காலியென்று எல்லாரும் நம்பிய துப்பாக்கியைச் சுற்றித்தான் கால் மணி நேரம் தோட்டா தேடியிருக்கிறார்கள்.

"நான் தூக்கி வச்சேனே" என்றாள் பெருக்கும் அக்கா. துணியைப் பிழிந்தாள், அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை. "ரெண்டு விரலால தூக்கி வச்சேனே..."

"அண்ணே, நான் ஷூவப் போட்டுக்கலாமா?" என்றான் நெட்டையன்.

மைத்துனன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியாத சிரிப்பு. "எட்டும் இருக்கு. கணக்கு சரி. யாருக்கும் ஒண்ணும் ஆகல. விடுங்க அத்தான், அக்காகிட்டயும் சொல்ல வேணாம்."

"கணக்கு சரின்னா எல்லாம் சரியாடா? ஏழுன்னு சொன்னப்பவும் எட்டு இருந்துச்சே."

"அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?"

மறுபடி மணல் டிரம் பக்கம் திரும்பினார். காலித் துப்பாக்கியை எடுத்து, காலி மேகசினைச் செருகி, செய்து பார்த்தார். கை முதலில் மேகசினுக்குத்தான் போனது. மறுபடி செய்தார். மேகசின்தான். பத்து முறையும் தப்பவில்லை. அதுதான் அவரைக் குழப்பியது. தவறு செய்த கை எங்கே ஒளிந்திருக்கிறது? தொலைபேசியைத் தோளில் இடுக்கி, தானே "தலையணைக்கு அடியில பாரு" என்று சொல்லிக்கொண்டும் பார்த்தார். அப்போதும் கை ஒழுங்காகவே போனது. நெட்டையன் ஒரு ஷூவை மாட்டியபடி வாய் பிளந்து பார்த்தான்.

"இதுல எதை நான் நம்புறது?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று யாருக்கும் விளங்கவில்லை.

பத்து மணிக்குச் சம்பவ அறிக்கைத் தாளை எடுத்தார். மைத்துனன் பேனாவைப் பிடுங்கப் பார்த்தார். "உங்களுக்கு என்ன பைத்தியமா? எழுதுனா மேஜைய விட்டு எடுத்துருவாங்க."

"எடுக்கட்டும். இன்னிக்கு இவன ஷூ கழட்ட வச்சோம். நாளைக்கு உன் பிடரி."

தவறு யாருடையது என்ற கட்டத்தில் தன்னுடையது என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் வெகுநேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு, "தொலைபேசி; உள்ளே பார்க்கவில்லை; மற்றது தெரியவில்லை" என்று முடித்தார்.

மறுநாள் தொலைபேசியைக் கழற்றித் தாழ்வாரத்தில் மாட்டினார்கள். திங்கட்கிழமையிலிருந்து ஒரு மாதத்துக்கு அவருக்கு வாசல் காவல். கையில் தடி மட்டும்.